நான்கு வீட்டுச் சந்திப்புகள்: ராமநாதபுரம் கரையில் மனக்காயம் அறிந்த சுகாதாரப் பணி

மனக்காயம் அறிந்த பணி என்றால், பேரச்சமோ இழப்போ மனதில் விட்ட காயத்தை அறிந்து, அதை மீண்டும் கிளறாமல் செய்யும் பணி. இதில் வருவது ஒரு தனிக் குடும்பம் அல்ல. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் திரும்பத் திரும்பக் காணக்கூடிய நிலைமைகளைச் சேர்த்து, சமுதாய சுகாதாரப் பணியாளர்களின் பயிற்சிக்காகக் கட்டிய நிகழ்வு. அதனால் பெயர்கள் இல்லை. பணியாளர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் பயிற்சி அறையில் எடுத்து வைத்து அலசலாம் என்பதற்காகப் பேச்சுகள் பேச்சாகவே தரப்பட்டுள்ளன.

குடும்பம்

தகப்பனுக்கு 38 வயது. சொந்தப் படகு கிடையாது, விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்த படகில் அவரும் இருந்தார். இப்போது யாழ்ப்பாணத்தில் சிறை. இரண்டு மாதம் ஆகிறது. காவல் முடியும் தேதி வரும்போதெல்லாம் வீடே டிவி முன்னால் உட்காரும். நீட்டித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

தாய்க்கு 34 வயது, இறால் உரிக்கும் வேலை. குழுக் கடன் தவணை வாரா வாரம் வாசலுக்கு வருகிறது. மூத்த பெண் 15 வயது, பத்தாம் வகுப்பு. பையன் 8 வயது, மூன்றாம் வகுப்பு. தகப்பனைப் பெற்ற அப்பத்தாவுக்கு 71 வயது, ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உண்டு. அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் அந்த ஊரை அழித்தபோது அவருக்குப் பதினோரு வயது. பலத்த காற்று வீசும் இரவுகளில் இன்றும் அவர் படுப்பதில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைப்பார். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்டதால் அதை யாரும் ஒரு துன்பமாக நினைப்பதில்லை.

இந்த வீட்டுக்கு மாதம் தவறாமல் வரும் அரசுத் தொடர்பு ஒன்றுதான்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர். அப்பத்தாவின் பி.பி.யும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பது அவர் வேலை. மனநல மருத்துவரைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஒருநாள் கூலி போகும். ஆகவே வாசலுக்கு வருகிறவர் எப்படி வருகிறார், என்ன பேசுகிறார் என்பதில்தான் இந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் பராமரிப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

முதல் சந்திப்பு: பயிற்சிக்கு முன்

காலை பத்து மணி. தண்ணீர் வரும் நேரம், குழாயடியில் நாலைந்து பெண்கள். தன்னார்வலர் வாசற்படியில் நின்றபடியே பேசுகிறார்.

“என்னக்கா, இன்னும் விடலையாமே? டிவியில இன்னைக்கும் காட்டுனாங்க. படகை நாட்டுடைமை ஆக்கிருவாங்கன்னு சொல்றாங்க.”

பையனைப் பார்த்து: “அப்பா எப்ப வருவாரு தம்பி? அம்மாவ நீதான் பாத்துக்கணும். ஆம்பளப் புள்ள, அழக் கூடாது.”

அப்பத்தாவுக்கு நின்ற கையோடு பி.பி. பார்க்கிறார்: 170/100. “மாத்திரை ஒழுங்காப் போடலியா? இப்படியே இருந்தா பக்கவாதம் வந்துரும் அப்பத்தா.” அட்டையில் எழுதி, மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்.

எல்லாமே அன்பாகச் சொன்னவை. பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதில் தப்பாக எதுவும் பார்ப்பதில்லை. அங்கிருந்துதான் பயிற்சி தொடங்க வேண்டும்.

“எப்ப வருவாரு?” என்பதற்குப் பதில் உலகத்தில் யாரிடமும் இல்லை. பதிலில்லாத கேள்வியை எட்டு வயதுப் பிள்ளையிடம், நாலு பேர் பார்க்கக் கேட்கிறோம். ஆள் உயிரோடு இருக்கிறார், ஆனால் வீட்டில் இல்லை. துக்கம் அனுசரிக்கவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. இந்தத் தீராத காத்திருப்பை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் தனி வகை இழப்பாகவே எடுத்துக் காட்டினார். கடலில் காணாமல் போனவரின் வீட்டில் இது இன்னும் கடுமை. அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் காத்திருப்பை முதலிலிருந்து தொடங்கி வைக்கிறது. “அம்மாவ நீதான் பாத்துக்கணும்” என்பது பெரியவர் சுமையைப் பிள்ளை தலையில் ஏற்றுகிறது. “அழக் கூடாது” என்பது இருந்த ஒரு வழியையும் அடைக்கிறது. படகுச் செய்தி, தாய் இரவெல்லாம் நினைத்துக் கொண்டிருப்பதைப் பகலில் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போகிறது.

பையன் மூன்று வாரமாகப் பாயை நனைக்கிறான். காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போவதில்லை. இந்தச் சந்திப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

அமெரிக்க மனநலப் பணிகள் நிர்வாகமான சாம்சா 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி நான்கு படிகளைச் சொல்கிறது: மனக்காயம் எவ்வளவு பரவலானது என்று உணர்வது, அதன் அறிகுறிகளைக் கண்டுகொள்வது, அந்த அறிவைப் பணிமுறையில் கொண்டுவருவது, மீண்டும் காயப்படுத்தாதிருப்பது. பயிற்சிகள் இதே வரிசையில் போய், முதல் இரண்டிலேயே நேரத்தைத் தீர்த்துவிடுகின்றன. மூளைப் படம், ஹார்மோன் பெயர்கள், அறிகுறிப் பட்டியல் எல்லாம் முடிய மாலை நாலு மணி ஆகிவிடும். வீடு வீடாகப் போகும் பணியாளருக்கு இந்த வரிசை தலைகீழாக வேண்டும். காயப்படுத்தாமல் ஒரு சந்திப்பை முடிப்பது எப்படி என்பதுதான் முதல் பாடம். மற்றவை அதற்குப் பின்னால் வரட்டும்.

இரண்டாம் சந்திப்பு: ஐந்து நிமிட மௌனம்

பி.பி. சரியாகப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதங்கள் தரையில், கை இதய மட்டத்தில். அளக்கும்போது பேச்சு கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் விட்டு இன்னொரு முறை அளக்க வேண்டும். இந்த விதியை எல்லோரும் படித்திருக்கிறார்கள். வீட்டுக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

மனக்காயம் அறிந்த பணிக்குத் தேவையான நேரம் இந்த ஐந்து நிமிடத்திலேயே இருக்கிறது. புதிய படிவம் வேண்டாம், தனி வருகை வேண்டாம். பயிற்சி பெற்றபின் அதே தன்னார்வலர் அதே வீட்டில் செய்தது:

வாசலில் நின்று, “உள்ள வரலாமாக்கா? இப்ப நேரம் சரியா இருக்குமா, இல்ல சாயங்காலம் வரட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல நிஜமாகவே வழிவிட்டுக் கேட்ட கேள்வி இது. உள்ளே போனதும் கதவை மறிக்காமல் பக்கவாட்டில், அப்பத்தாவின் மட்டத்திலேயே உட்கார்ந்தார். செய்யப்போவதை முன்கூட்டிச் சொன்னார்: “அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருப்போம். அப்புறம் கையில பட்டை சுத்துவேன், கொஞ்சம் இறுக்கும். போதும்னா சொல்லுங்க, எடுத்துருறேன்.” தகப்பனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டாவது அளவு 152/90. முதல் மாதத்தின் 170/100 எவ்வளவு நோய், எவ்வளவு நின்றபடி அவசரமாக அளந்ததன் விளைவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. முறைப்படி அளக்காத எண்ணை வைத்து அப்பத்தாவைப் பயமுறுத்தியது தவறு என்பது மட்டும் உறுதி. இன்றும் அளவு அதிகம்தான். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்ல வேண்டியதுதான். ஆனால் “மாத்திரை போடலியா?” என்பதற்குப் பதிலாக, “மாத்திரை போடுறதுல என்ன சிரமம் இருக்கு?” என்று கேட்டதும் அப்பத்தா சொன்னார்: சாப்பிட்டபின் போடச் சொன்ன மாத்திரை, ராத்திரி சாப்பாடு இல்லாத நாளில் போடுவதில்லை. மருந்துப் பிரச்சினை என்று நினைத்தது அரிசிப் பிரச்சினை.

தாய் தானாக வந்து உட்கார்ந்தார். தன்னார்வலர் கேட்டது ஒன்றே: “இந்த நாட்கள்ல எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?” தாய் கடனைச் சொன்னார், தூக்கமின்மையைச் சொன்னார், அழுதார். தன்னார்வலர் அழ விட்டார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். “அழாதீங்க”, “கடவுள் பாத்துப்பார்”, “மத்தவங்களுக்கும் இப்படித்தான்” என்ற மூன்றையும் சொல்லவில்லை. பயிற்சி அறையில் பழக்குவதற்கு மிகக் கடினமான பகுதி இந்த அடக்கம். அறிவு ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பது பல ஒத்திகைக்குப் பிறகே வரும்.

நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்ட வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அது 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி பார், கேள், இணை என்ற மூன்று செயல்களோடு நிற்கிறது. கதையைத் தோண்டி எடுப்பது பணியாளரின் வேலை அல்ல. தானாக வந்தால் கேட்பதும், வராவிட்டால் விடுவதும்தான் வேலை.

கிளம்பும்போது, “அடுத்த மாசம் ரெண்டாவது புதன்கிழமை வருவேன். வர முடியலன்னா முன்னாடியே சொல்லிருவேன்” என்றார். எதுவுமே முன்கூட்டித் தெரியாத வீட்டில், சொன்ன நாளில் வரும் ஒருவர் இருப்பதே மருந்தின் ஒரு பகுதி. அதனால்தான் சொன்ன நாளில் வராமல் போவது சின்ன விஷயம் அல்ல. மேலதிகாரி திடீர் முகாமுக்கு அழைத்தால், பணியாளர் அந்த வீட்டுக்குத் தகவல் சொல்ல நேரம் தர வேண்டும் என்பது மேற்பார்வையாளர் பயிற்சியில் சேர வேண்டிய விதி.

மூன்றாம் சந்திப்பு: பையன்

தாய் தாழ்ந்த குரலில் சொன்னார்: “பாயில மோண்டுர்றான். பயந்திருக்கான்னு வேப்பிலை அடிச்சோம், தர்காவுலயும் ஓதிப் பாத்தோம். அடிச்சும் பாத்துட்டேன்.”

பணியாளர்கள் இரண்டு பக்கமும் தவறலாம். “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்றால் அந்தத் தாய் இனி எதையும் சொல்ல மாட்டார். “அதுவே போதும்” என்றால் பையன் அப்படியே இருப்பான். தன்னார்வலர் சொன்னது: “பயந்திருக்கான்னு நீங்க கண்டுபிடிச்சது சரிதாங்கா. ஓதுறது ஓதட்டும். கூடவே டாக்டர்கிட்டயும் காட்டுவோம்.” மனநோயாளிகளைப் பிரார்த்தனைக்காகக் கூட்டிவரும் தர்கா உள்ள ஏர்வாடி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்தப் பாதை புதிதல்ல, அங்கே மருந்தையும் பிரார்த்தனையையும் எதிரெதிராக நிறுத்தாமல் தர்கா வளாகத்திலேயே சேர்த்துத் தரும் முயற்சி நடந்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்ததையும், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருப்பதையும் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்லியாக வேண்டும். யாரையாவது கட்டி வைத்திருப்பதைக் கண்டால் பணியாளர் அன்றே மருத்துவ அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பையன் விஷயத்தில் முதல் அடி உடல் பரிசோதனை. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மீண்டும் நனைத்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட வேண்டும். அதிக தாகமும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். எல்லாவற்றையும் மனக்காயம் என்று எடுத்துக்கொள்வது, புதிதாகப் பயிற்சி பெற்றவர் செய்யும் ஆபத்தான தவறு.

வீட்டுக்குச் சொன்ன வழிகள்: அடி வேண்டாம், கேலி வேண்டாம், அக்கா முன்னால் பாயைக் காயப்போட்டுக் காட்ட வேண்டாம். பகலில் தண்ணீரைக் குறைக்க வேண்டாம், படுக்குமுன் கழிப்பறை. பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் செய்திச் சேனலை நிறுத்த வேண்டும். தகப்பனைப் பற்றிப் பையன் கேட்டால் உண்மையைச் சின்னதாகச் சொல்ல வேண்டும்: “அப்பா இலங்கையில இருக்காரு. எப்ப வருவாருன்னு எங்களுக்கும் தெரியல. தெரிஞ்சதும் உனக்குச் சொல்லுவேன். நான் உன்கூடத்தான் இருக்கேன்.” நாளைக்கு வந்துவிடுவார் என்ற ஆறுதல் பொய், மறுநாள் பிள்ளையின் நம்பிக்கையில்தான் விழும். படபடப்பு வரும்போது சூடான கஞ்சியை ஊதுவதுபோல மெல்ல மூச்சுவிடப் பழக்கலாம். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். கண்ணை மூடச் சொல்லக் கூடாது, சில பிள்ளைகளுக்கு அதுவே பயம்.

பள்ளிக்குத் தாயின் சம்மதத்தோடு தெரிவிக்க வேண்டியது ஒரு வரி: வீட்டில் சிரமமான நேரம், வகுப்பில் அதைப் பற்றிக் கேட்க வேண்டாம், வயிற்றுவலி என்றால் திருப்பி அனுப்பாமல் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். கெட்ட கனவு, திடுக்கிடல், ஒரே பயத்தைத் திரும்பத் திரும்ப விளையாடுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் அனுப்ப வேண்டும். அனுப்புவது என்றால் சீட்டெழுதித் தருவதல்ல. எந்த நாள் மருத்துவர் இருப்பார் என்று போனில் உறுதி செய்து, பேருந்துச் செலவைக் கேட்டறிந்து, போய் வந்தபின் என்ன சொன்னார்கள் என்று விசாரிப்பது வரை அதில் சேரும். இந்தக் கரையில் அனுப்பீடுகள் முறிவது பெரும்பாலும் பேருந்து நிறுத்தத்தில்தான்.

தாய்க்கு மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கலாமா என்று கேள்வி வந்தது. வேண்டாம், மருத்துவர் பார்க்காமல் எதுவும் இல்லை. அதோடு நேராகக் கேட்க வேண்டியதும் இருந்தது: “உயிர விட்டுறலாம்னு எப்பவாவது தோணிச்சாக்கா?” கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. தோன்றுகிறது, வழியும் யோசித்திருக்கிறார் என்றால் தனியாக விடக் கூடாது. நம்பும் உறவினர் ஒருவரைக் கூட வைத்து, கைக்கெட்டும் மருந்தையும் விஷத்தையும் அகற்றி, 108 அழைக்க வேண்டும். பேசுவதற்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் கிடைக்கும். இந்தத் தாய், “புள்ளைங்களுக்காகத்தான் இருக்கேன், அப்படியெல்லாம் செய்ய மாட்டேன்” என்றார். எண்ணை எழுதிக் கொடுத்து, வழக்கமான மாதத்துக்குப் பதில் பத்து நாளில் மீண்டும் வருவதாகச் சொன்னார் தன்னார்வலர்.

நான்காம் சந்திப்பு: மூத்த பெண்

பத்து நாள் கழித்து வந்தபோது பெண் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். பின்கட்டில் தனியாக, “ஒன்னு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?” என்று கேட்டாள்.

“சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுப்பதுதான் இயல்பாக வரும். கொடுக்கக் கூடாது. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி எல்லோருக்கும் கடமை. வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் அந்தப் பெண் பெரியவர்கள் எல்லோரையுமே நம்பாமல் போவாள். தன்னார்வலர் சொன்னது: “ஊர்ல யாருகிட்டயும் பேச மாட்டேன் பாப்பா. உனக்கு ஆபத்துன்னா மட்டும், காப்பாத்தக் கூடியவங்ககிட்ட சொல்லியாகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் செய்வேன்.”

பெண் சொன்னது கல்யாணப் பேச்சு. மாமன் முறை ஒருவர், கடனைத் தானே அடைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதினெட்டுக்குக் கீழே பெண்ணுக்குத் திருமணம் 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். 1098 குழந்தைகள் உதவி எண்ணும், மாவட்ட சமூகநல அலுவலரும் வழி. ஆனால் எடுத்தவுடன் சட்டத்தைக் காட்டினால் வீட்டில் அந்தப் பெண்தான் காட்டிக்கொடுத்தாள் என்று ஆகும். தேதி குறிக்கப்படவில்லை என்று உறுதி செய்தபின், தன்னார்வலர் செவிலியரோடு கலந்து, அவர் மூலம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தெரிவித்தார். பெண்ணிடம் முன்கூட்டியே சொன்னார். தேதி குறித்திருந்தால் அன்றே 1098-ஐ அழைத்திருக்க வேண்டும், காத்திருக்க இடமில்லை. கூடவே, சிறைப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு அரசு தரும் தினசரி உதவித்தொகைக்கான மனு மீன்வளத் துறையில் எங்கே நிற்கிறது என்று கேட்டறிந்து தாய்க்குச் சொன்னார். கல்யாணப் பேச்சின் வேர் கடன் என்பதால் அந்த மனுவும் பிள்ளைப் பாதுகாப்பு வேலையே.

பயிற்சி எப்படி அமைய வேண்டும்

ஒரு குழுவில் 16 முதல் 20 பேர், தொடர்ந்து இரண்டு நாள், பிறகு ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரக் கூடுகை. கூடுகை இல்லாத இரண்டு நாள் பயிற்சிக்கு மதிப்பு மிகக் குறைவு. பழைய வாக்கியங்கள் சில வாரங்களிலேயே திரும்பிவிடும். நாள் குறிக்குமுன் கடலைக் கேட்க வேண்டும்: படகு திரும்பும் நாளில் பெண்கள் இறங்குதளத்தில் இருப்பார்கள், கடற்பாசி எடுக்கப் போகும் நாட்களில் வர மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வசதியாகத் தெரியும். ஆனால் வருமானம் நின்று, குடியும் சண்டையும் கூடும் வீடுகளுக்குப் பணியாளர் அதிகம் தேவைப்படும் காலமும் அதுதான். அதற்கு முன்பே, மார்ச்சுக்குள் முடித்துவிடுவது நல்லது.

முதல் நாள் முழுக்க ஒத்திகை. மூன்று மூன்று பேராகப் பிரிந்து, ஒருவர் பணியாளர், ஒருவர் தாய், ஒருவர் கவனிப்பவர். ஏழு நிமிடம் நடிப்பு, மூன்று நிமிடம் பேச்சு, பிறகு இடம் மாற்றம். கவனிப்பவர் கையில் எட்டுக் கேள்விகள்: அனுமதி கேட்டாரா, தனிமை இருந்ததா, செய்யப்போவதைச் சொன்னாரா, பிள்ளையிடம் பதிலில்லாத கேள்வி கேட்டாரா, அழுகையை நிறுத்தினாரா, கேட்காத அறிவுரை சொன்னாரா, காக்க முடியாத வாக்குக் கொடுத்தாரா, அடுத்த வருகை நாளைச் சொன்னாரா. இதே எட்டும் பிறகு உண்மையான வீட்டில் மேற்பார்வையாளர் பார்க்கும் அட்டை. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பயிற்சியை எடைபோட வேண்டாம், நூற்றுக்கு நூறு வாங்கியவர் வாசலில் “எப்ப வருவாரு?” என்று கேட்பார்.

இரண்டாம் நாள் காலை வயதுவாரியான அறிகுறிகளும் சட்டமும், மதியம் அந்தந்த ஊருக்கான அனுப்பீட்டு அட்டை தயாரிப்பு. அட்டையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் பயிற்சி அறையிலிருந்தே அழைத்துப் பார்க்க வேண்டும். எடுக்காத எண் அட்டையில் இருக்கக் கூடாது.

சிறுவயதுத் துன்பங்களை எண்ணிக் கூட்டும் வினாத்தாளை இங்கே கொண்டுவர வேண்டாம். அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டி, ஆண்டா 1998-இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதுத் துன்பங்களுக்கும் பிற்கால நோய்களுக்கும் பெரும் மக்கள்தொகையில் உள்ள தொடர்பைக் காட்டியது. தனிப்பட்ட ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அந்த எண்ணிக்கை சொல்லாது. வாசலில் வைத்து அதைக் கேட்டால் காயம்தான் மிஞ்சும்.

அறையில் இருப்பவர்களே இந்தக் கரையின் பெண்கள். யாரோ ஒருவரின் கணவரோ தம்பியோ அப்போது சிறையில் இருக்கலாம். மண்டபம் அகதிகள் முகாமில் வளர்ந்தவர் இருக்கலாம். ஆகவே தொடக்கத்திலேயே விதி சொல்ல வேண்டும்: சொந்தக் கதை சொல்லும் கட்டாயம் யாருக்கும் இல்லை, காரணம் சொல்லாமல் எழுந்து வெளியே போகலாம். பக்கத்து அறையில் ஆலோசகர் ஒருவர் இரண்டு நாளும் இருக்க வேண்டும். பிணம், துப்பாக்கிச் சூடு காட்டும் வீடியோ கூடாது. மாதக் கூடுகையின் முதல் அரை மணி பணியாளரின் சொந்தப் பாரத்துக்கே உரியது. அதில் சொன்னதும் வீடுகளின் விவரமும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. குடும்பத்தை வீட்டு எண்ணால்கூடக் குறிப்பிட வேண்டாம்.

தகப்பன் திரும்பிய பின்

பிறகு விடுதலை வந்தது. ஊர் மாலையோடு வரவேற்றது. பெரும்பாலான கோப்புகள் இங்கே மூடப்படுகின்றன, மூடக் கூடாது. மூன்றாம் வாரத்தில் அவர் தூங்குவதில்லை, சத்தம் கேட்டால் எரிந்து விழுகிறார், குடி கூடியிருக்கிறது, கடலுக்குப் போவதில்லை. நின்றிருந்த பாய் நனைப்பு ஒருமுறை திரும்பியது. பையன் அப்பாவை விட்டு ஒரு அடி நகர மாட்டேன் என்கிறான், அவர் கத்தினால் அப்பத்தா பின்னால் ஒளிகிறான்.

விடுதலைக்குப் பின் குறைந்தது மூன்று மாதம், மாத வருகையோடு இடையில் ஒரு வருகை சேர்க்க வேண்டும். தகப்பனிடம் பேச ஆண் சுகாதார ஆய்வாளர் கூட வருவது நல்லது. சிறையைப் பற்றிக் கேட்க வேண்டாம். பி.பி. பட்டையை அவர் கையிலும் சுற்றலாம்; ஐந்து நிமிடம் உட்கார வைக்க அது போதுமான காரணம். அடி விழுகிறதா என்று தாயிடம் தனியாக, தகப்பன் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டுமே கேட்க வேண்டும். விழுகிறது என்றால் பெண்கள் உதவி எண் 181. 14416 எண்ணைத் தகப்பனிடம் கொடுக்கும்போது, “தூக்கம் வராதவங்க பேசுற நம்பர்ணே” என்று சொன்னால் வாங்கிக்கொள்வார்.